குளிர்ந்த எண்ணெய்

அப்பா வலது கையைப் பயன்படுத்துவதை விட்டுப் பதினொரு நாளாகிவிட்டது. கையில் காயமில்லை, கட்டில்லை, வைத்தியர் யாரும் ஓய்வு கொடுக்கச் சொல்லவுமில்லை. தேநீர் டம்ளரை இடது கையால் எடுத்தார். சட்டைப் பொத்தானை இடது கையால் போடப் பார்த்து, மூன்றாவது பொத்தானோடு சலித்துப்போய் விட்டுவிட்டார். கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டால் பாதி மடியில்தான் விழுந்தது. வலது கை மட்டும் தொடைக்கு அடியில் கிடந்தது. கடிக்கிற நாயைக் கட்டிப்போட்டதுபோல அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கை உங்களை என்னங்க பண்ணுச்சு?" என்று அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"என்னை ஒண்ணும் பண்ணலை" என்றார் அப்பா.

அவர் சிந்திய சோற்றை அம்மா ஈரத்துணியால் துடைத்தெடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. மூன்று அறை வீட்டில் எது கேட்காமல் போகும்?

அது இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டிய கை. கான்கிரீட் தூண் வார்க்கும் கிடங்கில், காய்ந்த தூண்களைத் தூக்கி அடுக்கிலும் லாரியிலும் வைப்பது அப்பாவின் வேலை. பதினொரு நாளுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, அந்தக் கை லிவரைத் தள்ளிய மறுநொடி, கொக்கியில் தொங்கிய தூண் அடங்காமல் முன்னால் ஓடி, கீழே நின்ற மருமகனை அடுக்கோடு சேர்த்து நசுக்கிவிட்டது. அப்பாவுக்கு மருமகன், மகளுக்குக் கணவன். கல்யாணமாகி நாலு வருடம்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அப்பாவைப் பார்த்துத்தான் உச்சுக்கொட்டினார்கள். "பாவம், சொந்த மருமகனையே..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தைரியமில்லாமல் காலைப் பார்த்தார்கள். அப்பாவும் அதையேதான் நம்பினார். மகள் ஒருத்திக்குத்தான் கதை அவ்வளவோடு முடியவில்லை என்று தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. தினமும் மூன்று வேளை அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, அவர் சிந்துவதைப் பார்த்துக்கொண்டு, சும்மா இருந்தாள். கோழைத்தனம் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை அவளே தனக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை பார்த்தது கிரேன்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் ஒரு சின்னப் பட்டறையில். முதலாளியையும் சேர்த்து ஒன்பது பேர். லிவரைத் தள்ளினால் பம்பிலிருந்து எண்ணெய் பாயும், எண்ணெய் பாய்ந்தால் சிலிண்டர் நீளும், சிலிண்டர் நீண்டால் பூம் என்கிற கிரேனின் நீளக் கை நகரும். எவ்வளவு தள்ளினால் எவ்வளவு எண்ணெய் போகும், பூம் எத்தனை நேரத்தில் எங்கே போய் நிற்கும், கொக்கியில் தொங்குகிற பாரம் எவ்வளவு ஆடும் என்பதையெல்லாம் எண்ணாக எழுதுவது அவள் பொறுப்பு. எழுதியது சரியாக இருந்தால் ஆட்டத்தைப் பெட்டியே அடக்கிவிடும்.

ஆட்டம் என்பது கிரேன்காரரின் பரம்பரை எதிரி. பூமை நிறுத்தினால் பூம் நிற்கும், தொங்குகிற பாரம் நிற்காது. அது தன் பாட்டுக்கு முன்னால் ஓடும். அது ஓடுகிற பக்கமாகவே பூமைக் கொஞ்சம் தள்ளிக்கொடுத்தால், பூம் பாரத்துக்கு நேர் மேலே வந்து, கயிறு செங்குத்தாகி, ஆட்டம் செத்துவிடும். கிடங்கில் இதைப் 'பிடிக்கிறது' என்பார்கள். அளவாகப் பிடிக்க வேண்டும். ஒரு பங்குக்கு இரண்டு பங்காகப் பிடித்துவிட்டால், நின்றிருக்க வேண்டிய பாரம் இன்னும் ஒரு ஓட்டம் முன்னால் ஓடும்.

அப்பா பிடிக்கிற அழகைப் பார்ப்பதற்கென்றே லாரிக்காரர்கள் கீழே இறங்கி நிற்பார்கள். ஒரு டன் தூண் அடுக்கின் மேலே வந்து, பூனை உட்காருவதுபோல உட்காரும். கீழே சங்கிலி மாட்டி, வழிக்கயிற்றைப் பிடித்துத் தூணைத் திருப்பி விடுவது மருமகன். கிடங்கில் அவன் பெயர் விசில். மற்றவர்கள் கை காட்டித்தான் கிரேனை நடத்துவார்கள். இவன் நாக்கை மடித்து விசில் அடிப்பான். ஒரு விசில் என்றால் தூக்கு, இரண்டு என்றால் இறக்கு, நீளமாக அடித்தால் நிறுத்து.

"வாய் எதுக்கு இருக்கு மாமா? கை ரெண்டும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது நாலாவது கைக்கு நான் எங்க போறது?" என்பான்.

"மூணாவது கை எங்கடா இருக்கு மாப்ளே?"

"அது நீங்கதானே."

அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பெட்டியைக் கிடங்குக் கிரேனில் பொருத்தலாம் என்று கிடங்கு முதலாளியிடம் பேசி முடித்தவர் அப்பாவேதான். மகள் கைவேலை தன் வண்டியில் ஓட வேண்டும் என்று ஒரு பெருமை. இரண்டு வாரம் அவள் தினமும் மதியம் வந்து, பூமிலும் லிவரிலும் கம்பிகளை ஒட்டி, அவர் ஓட்டுவதை மடிக்கணினியில் பதிவெடுத்தாள். காலையில் பட்டறையில் வேலை இருந்தது. மதியம்தான் ஒழிந்தது. இந்த 'மதியம்தான் ஒழிந்தது' என்பதை அப்போது யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

"பாப்பா என் கையைத் திருடிப் பொட்டிக்குள்ள போடுறா" என்றார் அப்பா.

"போடட்டும் மாமா. உங்க கை பொட்டிக்குள்ள போயிட்டா, நீங்க கீழ இறங்கி வந்து எனக்கு டீ வாங்கிக் குடுக்கலாம்."

"உனக்கு டீ வாங்கிக் குடுக்கறதுக்கா நான் இருபத்தாறு வருஷம் ஓட்டினேன்?"

"பின்ன? மருமகன்னு ஒருத்தன் எதுக்கு?"

பெட்டி ஓடும்போது ஆட்டத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். லிவரால் போக வேண்டிய இடத்தைக் காட்டினால் போதும். "நீங்களும் சேர்ந்து பிடிக்காதீங்கப்பா" என்று அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள். பட்டறையில் முதலில், பெட்டி ஆட்டத்தைப் பிடிக்கும்போது லிவரின் தொடர்பை முழுசாக அறுத்துவிடத்தான் சொன்னார்கள். அப்பாவின் முகம் சுண்டிவிட்டது.

"கையைக் கட்டிப்போட்டு என்னை மேல உக்கார வைக்காத பாப்பா. பொம்மை மாதிரி இருக்கும்."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. லிவரை உயிரோடு விட்டாள். அப்பாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூண் ஆடும்போது விரல்கள் துடிக்கும், ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கையை அசையாமல் வைத்திருப்பார். ஐந்து மாதம் அப்படி ஓட்டினார். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பிறகு குளிர் ஆரம்பித்தது.

விபத்துக்கு மூன்று நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை, அவன் வாசலில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ரொட்டித் துண்டு ஒன்று வாயில். அவள் பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள், அவளுக்கும் நேரமாகிவிட்டிருந்தது.

"இன்ஜினியரம்மா, உங்க பொட்டி காலைல சோம்பேறியா இருக்கு" என்றான். ரொட்டியை எடுத்துவிட்டுத் திரும்பச் சொன்னான். "ஆட்டத்தை லேட்டாப் பிடிக்குது. மதியம் ஆனா சரியாயிடுது. எண்ணெய் குளிர்ந்து கெட்டியா இருக்கில்ல, அதுக்கு அது தெரியலைபோல."

அவன் பத்தாவது தாண்டாதவன். ஒரு வரியில் சொல்லிவிட்டான். அவள் அந்த நொடியே புரிந்துகொண்டாள். இரண்டு வாரமும் மதியத்திலேயே பதிவெடுத்திருக்கிறாள். காலையிலிருந்து ஓடிச் சூடான எண்ணெயை மட்டுமே அவளுடைய கணக்கு பார்த்திருக்கிறது. குளிர்ந்த எண்ணெய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே பெட்டிக்குத் தெரியாது. அது கொடுக்கிற உத்தரவு அரை வினாடி பிந்தித்தான் பூமுக்குப் போய்ச் சேரும்.

"ஆமா, சரிதான்" என்றாள். "ஞாயித்துக்கிழமை உக்காந்து பாக்கறேன்."

"மறந்துடாத."

"மறக்க மாட்டேன். சாவி எங்க வச்சேன்னு தெரியலை, கொஞ்சம் தேடேன்."

"உன் கையிலதான் இருக்கு" என்று சிரித்தான். வாசல்படி இறங்கும்போது, "பரவாயில்லை, ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் ரெண்டடி தள்ளி நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சொன்னபடியே இரண்டடி தள்ளித்தான் நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் அடுக்கு இருந்தது.

பட்டறைக்காரர் பன்னிரண்டாம் நாள் காலை வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சாவுக்கு வந்து கடைசிவரை நின்றவர், ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்தவர். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு விசாரணை அதிகாரி வராங்கம்மா. பதினோரு மணிக்கு. பொட்டியோட பதிவையும் ஒரு பக்கம் அறிக்கையும் நாமதான் குடுக்கணும். நீயே எழுதிடறியா? உனக்கு முடியலைன்னா நான் எழுதறேன், நீ கையெழுத்து மட்டும் போடு."

"என்னன்னு எழுதறது சார்?"

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பதிவுல இருக்கறதைத்தான். பொட்டி ஓடிட்டு இருக்கும்போது லிவர் நகர்ந்திருக்கு. அது தெளிவா இருக்கு. அதை மட்டும் எழுதினாப் போதும்."

"எண்ணெயோட சூடும் பதிவுல இருக்கு சார்."

"இருக்கு. அதை யாரும் கேக்கலையே." டம்ளரைக் கீழே வைத்தார். "நான் கல்நெஞ்சக்காரன் இல்லைம்மா. உங்க அப்பாவுக்கு லைசென்ஸ் போகும், அவ்வளவுதான். எப்படியும் இனிமே அவர் கிரேன்ல ஏறப் போறதில்லை. பட்டறை மேல விழுந்தா ஒன்பது குடும்பம் தெருவுல நிக்கும். அதுல உன் குடும்பமும் ஒண்ணு."

அவர் போனதும் அப்பா வெளியே வந்தார். மெல்லிய சுவர். எல்லாம் கேட்டிருக்கிறார்.

"அவர் சொல்ற மாதிரியே எழுதிடு பாப்பா" என்றார். "நீ நூறு தடவை சொன்னே, பிடிக்காதீங்கன்னு. அஞ்சு மாசம் கேட்டேன். அன்னிக்கு அவன் நீள விசில் அடிச்சான். நிறுத்துன்னு அர்த்தம். தூண் அவன் பக்கமா ஓடுது, பொட்டி சும்மா இருக்குது. என் கை என்னைக் கேக்காமயே போயிடுச்சு. அந்த விசில் பாதியில நின்னுது. அது மட்டும்தான் என் காதுல இருக்கு. உன் பொட்டி பிடிச்சிருக்கும். நான்தான் நடுவுல போய்க் கெடுத்துட்டேன்."

பொட்டி சும்மா இருக்குது என்று அவரே சொன்னார். ஏன் சும்மா இருந்தது என்று கேட்கவில்லை. மகளின் கணக்கு தப்பாக இருக்கும் என்ற எண்ணம் அவர் தலைக்குள் நுழையவே இல்லை. இப்போதாவது சொல்லிவிடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அப்பா" என்றுகூட ஆரம்பித்துவிட்டாள்.

"என்னம்மா?"

"சாப்பிட வாங்க."

அப்பா இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கன்னத்தில் நாலு நாள் முள்ளு தாடி. வலது கை பைஜாமா பைக்குள் செருகியிருந்தது. இந்த மனிதர் சாகிறவரைக்கும் இப்படியே இருப்பார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் கை மருமகனைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டு, இடது கையால் சோற்றைச் சிந்திக்கொண்டு, இருபது வருடம்கூட இருப்பார். அவள் எதிரில் உட்கார்ந்து தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அன்று மதியம் அவள் விசாரணை அலுவலகத்துக்குத் தானே தொலைபேசியில் பேசினாள்.

"மேடம், பதினோரு மணிக்கு வேண்டாம். வெயில் ஏறிடும். காலைல ஏழரை மணிக்கு வாங்க. அதுவரைக்கும் கிரேனை யாரும் ஓட்டிச் சூடு பண்ணக் கூடாதுன்னு கிடங்குல சொல்லிடுங்க."

"ஏன்?" என்றது மறுமுனைக் குரல்.

"வந்ததும் சொல்றேன்."

மறுநாள் காலை மூச்சு விட்டால் புகையாக வந்தது. கிடங்கில் வார்ப்பு அச்சுகளின் மேல் பனித்துளி நின்றது. விசாரணை அதிகாரி ஒல்லியான பெண், ஜலதோஷம் பிடித்தவர். கொடுத்த தலைக்கவசம் பெரிதாக இருந்ததால் பேசும்போதெல்லாம் அதைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டார். பட்டறைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். நேரம் மாறியது அவருக்கு நேற்று மாலைதான் தெரிந்திருந்தது. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அப்பாவும் வந்திருந்தார். வரச் சொல்லி அதிகாரி எழுதியிருந்தார். அதே இடத்தில் அடுக்கு அப்படியே இருந்தது. தரையைக் கழுவி மண் போட்டிருந்தார்கள். புது மண் மட்டும் நிறம் வேறாகத் தெரிந்தது.

"இப்ப சொல்லுங்க. ஏன் ஏழரை மணி?" என்றார் அதிகாரி.

அவள் சொன்னாள். மதியத்தில் மட்டுமே பதிவெடுத்ததைச் சொன்னாள். குளிர்ந்த எண்ணெயில் பெட்டியின் உத்தரவு அரை வினாடி பிந்துகிறது என்பதைச் சொன்னாள். லிவரை அறுக்கச் சொன்ன இடத்தில் அறுக்காமல் விட்டதையும் சொன்னாள். இதெல்லாம் சொல்லக் கஷ்டமாக இல்லை. கடைசியாக இருந்ததைத்தான் அதிகாரியே கேட்க வேண்டியிருந்தது.

"இதை எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"நான் கண்டுபிடிக்கலை. அவர் சொன்னார். என் வீட்டுக்காரர். செவ்வாக்கிழமை சொன்னார். ஞாயித்துக்கிழமை பாக்கறேன்னு சொன்னேன்." அவள் அதிகாரியைப் பார்த்துப் பேசவில்லை, அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள். "வெள்ளிக்கிழமை போயிட்டார்."

அப்பா கிரேனைத் திரும்பிப் பார்த்தார். பட்டறைக்காரர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, குறிப்பேட்டில் எதையோ எழுதி, எழுதியதை அடித்தார்.

"சரி. ஓட்டிப் பாத்துடலாம்" என்றார்.

மருமகன் நின்ற இடத்தில் ஒரு காலி எண்ணெய் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அதே எடையில் ஒரு தூணைச் சங்கிலியில் மாட்டினார்கள். முதலில் பெட்டி மட்டும் பிடிக்க வேண்டும், பூம் நின்றபிறகு லிவரை யாரும் தொடக் கூடாது. அடுத்தது பெட்டியை அணைத்துவிட்டுக் கை மட்டும். மூன்றாவதாக இரண்டும் சேர்ந்து. இது அதிகாரியின் ஏற்பாடு.

அப்பா இடது கையால் கம்பியைப் பிடித்து மேலே ஏறினார். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார்கள். தூண் தரையிலேயே கிடந்தது. ஒரு நிமிடம் போயிற்று.

"ஏன் தூக்கலை? ஏதாவது கோளாறா?" என்றார் அதிகாரி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா விசிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கே அது தெரிந்திருக்காது. அவள் நாக்கை மடித்து ஊதிப் பார்த்தாள். அவன் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தும் அவளுக்கு வராத விசில். வெறும் காற்றுத்தான் வந்தது. "தூக்குங்கப்பா" என்று கத்தினாள்.

தூண் எழுந்தது. அப்பா இடது கையால் லிவரைத் தள்ள, பூம் திரும்பியது, நின்றது. தூண் பீப்பாயை நோக்கி ஓடியது. பெட்டி ஒன்றும் செய்யவில்லை. அரை வினாடி என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தூண் ஓட்டத்தின் எல்லைக்குப் போய், திரும்ப ஆரம்பித்த பிறகுதான் பூம் அசைந்தது. இரண்டு தடவை அரைகுறையாக ஆடி, தூண் அடங்கியது. பீப்பாய்க்கு எட்டிய தூரம் எவ்வளவு என்று ஒருவர் நாடாவை வைத்து அளந்தார். ஒரு கை நீளத்துக்கு மேல் இடைவெளி இருந்தது.

அதிகாரி அளவை எழுதிக்கொண்டார். "அடுத்தது கை மட்டும்."

அப்பா வலது கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அதை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு லிவரின்மேல் வைத்தார். தூண் எழுந்தது, திரும்பியது, ஓடியது. அது ஓடி முடிப்பதற்கு முன்பே அந்தக் கை தள்ளிவிட்டது. குளிர்காலத்தில் எண்ணெய் பிந்தும் என்று இருபத்தாறு வருடமாக அதற்குத் தெரியும். பூம் போய்த் தூணுக்கு நேர் மேலே நின்றது. தூண் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது, மூச்சுகூட விடாததுபோல. பன்னிரண்டு நாள் சும்மா கிடந்த கை. லாரிக்காரர்கள் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். பீப்பாய்க்கு இந்தத் தடவையும் ஒரு கை நீளம் மிச்சம்.

அதிகாரி தலைக்கவசத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டு, முதல் அளவையும் இரண்டாவது அளவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொட்டி மட்டும்னாலும் படலை. கை மட்டும்னாலும் படலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மேலே பார்த்து, "ஐயா, மூணாவது தடவை. ரெண்டும் சேர்ந்து" என்றார்.

அப்பா எஞ்சினை அணைத்தார். மெதுவாகக் கீழே இறங்கி வந்து அதிகாரியின் முன்னால் நின்றார்.

"வேணாம் மேடம். மூணாவது என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும்."

அதிகாரி அவரையும் அவளையும் பார்த்தார். வற்புறுத்தவில்லை. பதிவில் இருக்கிறது, அது போதும் என்று சொல்லிக் குறிப்பேட்டை மூடினார். அறிக்கை வர ஒரு மாதமாகும் என்றார். இரண்டு பேருடைய பெயரும் அதில் வரும், பட்டறையின் பெயரும் வரும் என்றார். பட்டறைக்காரர் வெளியே நடந்தார். அவள் பக்கத்தில் வந்தபோது ஒரு நொடி நின்று, தலையசைத்துவிட்டுப் போனார். அது கோபமா, மரியாதையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிடங்கின் ஓரத்தில், சங்கிலிகள் தொங்கும் கொட்டகையில் ஒரு பலகை உண்டு. மாமனும் மருமகனும் மதியச் சாப்பாடு சாப்பிடும் பலகை. அப்பா அதில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். சுவரில் ஆணியில் அவனுடைய கையுறை இன்னும் மாட்டியிருந்தது.

"உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்பா" என்றாள். "தைரியம் வரலை. எல்லாரும் உங்களைச் சொல்லும்போது நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அப்பா ஆணியிலிருந்த கையுறையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அதைச் சரி பண்ண எவ்வளவு நாள் ஆகும் பாப்பா?"

என்ன பதிலை அவர் எதிர்பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒரு மாதம் ஆகும், ரொம்பக் கஷ்டமான வேலை, செவ்வாய்க்கிழமையே உட்கார்ந்திருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் முடிந்திருக்காது. இப்படி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கு மகளாவது மிச்சமாவாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தாள்.

"நாலு நிமிஷம்" என்றாள். "அவரை எடுத்துட்டுப் போன மறுநாள் உக்காந்து எழுதினேன். எண்ணெயோட சூட்டைப் பாத்து உத்தரவை முன்னாடியே அனுப்பணும். ஒரே ஒரு வரி. நாலு நிமிஷம்தான் ஆச்சுப்பா."

அதற்குப் பிறகு அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பன்னிரண்டு நாளாக வராத அழுகை சத்தமாக வந்தது. தூண் வார்க்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பக்கத்தில் நகர்ந்து வந்து, அவளுடைய முதுகில் கையை வைத்தார். கனமான, காய்ப்பு ஏறிய உள்ளங்கை. வலது கை.

வீட்டுக்கு வரும்போது மணி பத்தாகிவிட்டது. அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஈரத்துணி.

"என்ன ஆச்சு? என்ன சொன்னாங்க? யார் மேல தப்பாம்?"

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பேரும் அவனைக் காப்பாத்தத்தான் பாத்திருக்கோம். இவ பொட்டியும் பிடிச்சுது, என் கையும் பிடிச்சுது, ரெண்டு பங்காயிடுச்சு. யாராவது ஒருத்தர் சும்மா இருந்திருந்தா, இந்நேரம் அவன் இருந்திருப்பான்."

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புருஷனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். வாசலில் அவர்களுக்குப் பின்னால், இன்னும் யாரோ வர வேண்டியிருப்பதுபோலத் தெருவைப் பார்த்தாள். அன்று அவள் சமையலறைக்குப் போகவில்லை, குழாயைத் திறக்கவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி அழுதாள்.